மாதந்தோறும் வரும் கால்வலி

ஆசிரியருக்கு,

கருப்பை உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் குறித்த தங்கள் தலையங்கம் வயிற்றுவலியோடு நின்றுவிட்டது. அத்திசு, அரிதாக, இடுப்புக்கூட்டைத் தாண்டிக் காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பையும் பற்றும். கண்டறியத் தாமதித்தால் பாதத்தைத் தூக்க முடியாத அளவுக்கு நரம்பு சேதமடையலாம். என் தங்கைக்கு நான்கு ஆண்டுகள் டிஸ்க் விலகல் என்றே வைத்தியம் நடந்தது. முதுகுத்தண்டு ஸ்கேனில் எதுவும் இல்லை. வலித்த நாட்களுக்கு நாள்காட்டியில் அவள் இட்ட சிவப்பு வட்டங்களோ மாதாமாதம் மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கின. அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்த முதல் மருத்துவர்தான் இடுப்பு நரம்புகளை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

கால்வலியோடு வரும் பெண்களிடம் ‘மாதவிலக்கையொட்டி வலி கூடுகிறதா?’ என்று கேட்பதை எலும்பு, நரம்பு மருத்துவப் பிரிவுகளின் பதிவுப் படிவத்திலேயே சேர்க்க வேண்டும். ஆம் எனில் பரிசோதித்து, எண்டோமெட்ரியோசிஸ் உறுதியானால், ஹார்மோன் மருந்தா, நரம்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சையா என்பதை மகளிர் நல மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்தே முடிவுசெய்யட்டும்.

- ஒரு வாசகி