சூடு இருக்கிறது, வெளிச்சம் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

நாற்று வேலைக்கு ஒரு நாள் கூடமாட வருகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கூடவே, “பசுமைக்குடிலுக்குள்தான் கதகதப்பாக இருக்கிறதே, எல்லா விதையையும் இப்போதே போட்டுவிட்டால் என்ன?” என்றும் கேட்டிருக்கிறாய். உள்ளே நுழைகிற எல்லோருக்கும் தோன்றுகிற யோசனைதான். ஆனால் கூடாது.

சூட்டை நாம் மூட்டிக்கொள்ளலாம். குளிர்காலக் கடைசியில் வெயில் எவ்வளவு கொடுக்கிறதோ, அவ்வளவுதான் வெளிச்சம். விளக்கு போடாவிட்டால் வேறு வழியில்லை. சூடு மிகுந்து வெளிச்சம் குறைந்தால் தக்காளி நாற்று வெளிறி, நூல் மாதிரி நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும். கடைசி உறைபனி விட்ட பிறகுதான் நாற்றை வெளியே நடமுடியும்; அது எப்போது விடும் என்று பார்த்து, அதற்கு 8 முதல் 10 வாரம் முன்னால் மிளகாய், 6 முதல் 8 வாரம் முன்னால் தக்காளி, 3 அல்லது 4 வாரம் முன்னால் வெள்ளரியும் பூசணியும். வெள்ளரிக்கு வேரைத் தொட்டாலே ஆகாது. அதைச் சீக்கிரம் போட்டுத் தட்டில் நெருக்கி வைப்பதைவிட, பிந்திப் போடுவதே மேல்.

நீ வரும் அன்று காலையில் விதைப் பொட்டலத்தைத் தொடமாட்டோம். முதல் வேலை, விதை போடுகிற கலவை. தென்னை நார்க்கழிவோ, பீட் மாஸ் என்கிற மக்கிய பாசியோ, எதுவானாலும் குழித்தட்டில் நிரப்புவதற்கு முன்பே நனைந்திருக்கவேண்டும். காய்ந்ததை நிரப்பிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், அது குழியின் ஓரமாக வழிந்து கீழே போய்விடும். நடுவில் தூசியாகவே இருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியவேண்டும், ஒழுகக் கூடாது. கையைத் திறந்தால் கட்டி நிற்கவேண்டும், விரலால் தொட்டால் உதிரவேண்டும். இது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். நிரப்பும்போது கட்டைவிரலால் அழுத்தாதே, தட்டை மேசையில் ஒருமுறை தட்டினால் போதும். நிரப்பிய தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கவும் வேண்டாம். மேல் தட்டின் அடிப்பாகம் கீழ்க் குழிகளில் இருக்கிற கலவையை இறுக்கிவிடும்.

அப்புறம் பெயர்ப் பட்டை. விதைப்பதற்கு முன்னால் எழுதி, பென்சிலால் எழுதி, செருகிவிடு. பேனா மை வெயிலில் வெளுத்துவிடும். தக்காளியில் எந்த ரகமானாலும் முளைக்கும்போது பெரும்பாலும் ஒரே முகம்தான்.

விதைக்கும் ஆழம் விதையின் பருமனைப்போல இரண்டு, மூன்று மடங்கு. லெட்யூஸ் என்கிற சாலட் கீரை, பெட்டூனியா பூச்செடி போன்றவை முளைக்க வெளிச்சம் கேட்பவை. அவற்றை மூடாமல் மேலாக வைத்து லேசாக ஒற்றிவிட்டால் சரி. தக்காளி விதையில் பூனைமயிர் இருக்கும், ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு விழாது. கையைத் துடைத்துக்கொண்டு, நனைத்த பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து வைப்பேன். பெட்டூனியா இன்னும் மோசம். ஒரு கிராமில் கிட்டத்தட்ட 10,000 விதை, தும்மினால் போயிற்று. அதனால்தான் களிமண் பூசி உருண்டையாக்கி விற்கிறார்கள். உருண்டையானால் வைத்த பிறகு நன்றாக நனைக்கவேண்டும், பூச்சு கரைந்தால்தான் முளை வெளியே வரும்.

விதைத்த தட்டுகளை ஒரே மேசையில் வரிசையாக வைத்துவிட உனக்கு ஆசை வரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மிளகாய்க்கு 25 முதல் 30 டிகிரி வேண்டும், அது சூடேற்றும் விரிப்பின் மேல். லெட்யூஸ் 27 டிகிரியைத் தாண்டினால் முளைக்காமல் தூங்கிவிடும், அது குளிர்ந்த மூலைக்கு.

மதியம் வெயில் வந்ததும் வெளியே எவ்வளவு குளிர் என்றாலும் மேல் ஜன்னலைத் திறந்துவிடு. கண்ணாடிக்குள் சூடு மளமளவென ஏறும். சூடுகூடப் பரவாயில்லை, தேங்கி நிற்கிற ஈரக்காற்றுதான் எனக்குப் பயம். நாற்றழுகல் அதில்தான் பிடிக்கும்: மண்ணை ஒட்டிய தண்டு மெலிந்து கறுத்து, முந்தின நாள் நன்றாக இருந்த நாற்று தலை சாய்ந்து கிடக்கும். வந்த பின் காப்பாற்ற முடியாது. அதனால்தான் சாயங்காலம் தண்ணீர் விடமாட்டேன். இலை காய்ந்துதான் இராத்திரிக்குள் போகவேண்டும். தண்ணீரையும் முதல் நாளே பிடித்து உள்ளே வைத்துவிடுவேன், குழாயில் வருகிற ஐஸ் தண்ணீரை முளைகள் தாங்காது.

மேலே கம்பளிச் சட்டை, உள்ளே மெல்லிய சட்டை போட்டுக்கொண்டு வா, மதியம் கழற்றவேண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியை மறந்துவிடாதே. பெட்டூனியாவை உன்னிடம்தான் கொடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா