"குற்றவாளி" என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுபோதையில் வாகனம் செலுத்தியவருக்குத் தண்டம் என்ற செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. தண்டப்பணத்தோடு செய்தி முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு நடப்பதை நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவருக்காக நான் பரிந்து பேசவில்லை. ஏ9 வீதியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சாட்சிக்கூண்டில் நிற்பதைப் பார்த்தவன் அப்படிப் பேசமாட்டான். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

நம்மவர் பலர் முதல் தவணையிலேயே "குற்றவாளி" என்று சொல்லி, காசைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகத்தான் பார்க்கிறார்கள். தண்டமே 25,000 ரூபாவுக்குக் குறையாது. அதோடும் போகாது, சாரதி அனுமதிப்பத்திரத்தை நீதவான் இடைநிறுத்தலாம். ஓட்டோ ஓடிப் பிழைப்பவருக்கு அதுதான் பெரிய அடி. குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டவர், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, சட்டப் பிரச்சினை ஒன்றை முன்வைத்து மட்டுமே மேன்முறையீடு செய்யலாம். வழக்காடித் தோற்றவருக்கு 14 நாள் அவகாசம் உண்டு. இதை அறியாமல் வாய் திறப்பவர்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே எல்லை. பொலிஸார் தரும் பலூனை ஊதும்போது குழாயிலுள்ள மஞ்சள் நிறம் பச்சையாக மாறுவது ஓர் அறிகுறிதான், இரத்தத்தை அளந்த கணக்கு அல்ல. சற்று முன் குடித்தது வாயில் தங்கியிருந்தாலும், மதுசாரம் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தாலும் நிறம் மாறலாம். கால் மணி நேரம் போனால் அது பெரும்பாலும் அற்றுவிடும். ஆகவே தான் எல்லை மீறவில்லை என்று நம்புபவர், அந்த நேரத்திலேயே அரசாங்க வைத்தியரிடம் கொண்டுபோகும்படி பணிவாகக் கேட்க வேண்டும். உடல் 100 மில்லிலீற்றர் இரத்தத்திலிருந்து மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் மதுசாரத்தைக் கரைத்துவிடுவதால், மறுநாள் எடுக்கும் இரத்தம் எதையும் நிரூபிக்காது. இதே கணக்கில், நள்ளிரவு வரை சாராயம் குடித்தவர் விடியப்புறம் வானை எடுத்தாலும் எல்லைக்கு மேல் இருக்கலாம். ஊத மறுத்தால் தப்பலாம் என்று ஊரில் சொல்வது முழுப் பிழை. மறுத்தவர் குடித்திருந்தார் என்றே சட்டம் அனுமானிக்கும்.

உண்மையில் குடித்திருந்தவர் பொய் வழக்காட வேண்டாம். ஒப்புக்கொண்டு, முதல் குற்றம் என்பதையும் தொழிலையும் சட்டத்தரணி மூலம் எடுத்துச் சொல்லி, இடைநிறுத்தக் காலத்தைக் குறைக்கும்படி கேட்கட்டும். வசதியில்லாதவர்களுக்கு 1978 இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. குடியை விடமுடியாதவரைத் தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வீட்டார் கூட்டிப்போகலாம். இடைநிறுத்தம் முடியும்வரை "சந்திமட்டும் தானே" என்று கூட வாகனத்தில் ஏறக்கூடாது. அது தனிக் குற்றம். கைக்கு வரவிருந்த அனுமதிப்பத்திரத்தை அப்படியே தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வாங்கும் இடத்திலேயே இவற்றை விளக்கும் தமிழ்த் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். வடக்கில் நீதிமன்ற மொழியே தமிழாக இருக்கும்போது இது பெரிய கோரிக்கை அல்ல. அதுவரை, தண்டச் செய்திகளின் கீழே மேன்முறையீட்டுக்கான 14 நாளைப் பற்றியாவது ஒரு வரி நீங்கள் சேர்த்துப் போடலாம்.

இளைப்பாறிய நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
மானிப்பாய்.