புளி மண்டிச் சுவருக்கு சிமெண்ட் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய புளி மண்டிகளை இடிக்காமல் உணவகமாகவோ துணிக்கடையாகவோ மாற்றுவது நல்ல காரியம். சென்னைக் கோட்டைக்குள் வணிகர்கள் கூடுவதற்காக 1795இல் எழுந்த மாளிகைதான் 1948 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புளி மண்டிகளுக்குத் தனியாக ஒரு நோய் உண்டு: உப்பு.

புளி கெடாமலிருக்க உப்பு கலந்து அடுக்குவார்கள். அது வருடக்கணக்கில் தரையில் இறங்கி, ஈரத்தோடு சுவரில் மூன்றடி வரை ஏறிவிடுகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. பூச்சுக்குப் பின்னால் உப்பு இறுகி விரிய, ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு பொரிந்து, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். பிறகு வருபவரும் சிமெண்டைத்தான் பூசுகிறார், இன்னும் கெட்டியாக!

செய்ய வேண்டியது இதுதான். உப்பு பூத்த உயரத்துக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து உள்ளேதான் போகும். நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக் கூழை அரை அங்குலக் கனத்தில் அப்பி, தானாகக் காய்ந்து விலகும்வரை விடுங்கள். காயும்போது உப்பை இழுத்துக்கொள்ளும். அந்தக் கூழைத் திரும்பப் பயன்படுத்தாமல், புதிதாக மூன்று நான்கு முறை அப்ப வேண்டும். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டவர்கள் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்துக் கழுவிய மணல் மூன்று பங்கு. சுண்ணாம்பு இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். பூசியபின் ஒரு வாரம் ஈரச்சாக்கு போடுங்கள். மேலே வெள்ளையடிப்பு மட்டும் போதும். பட்டியும் எமல்ஷனும் அடித்தால் சிமெண்ட் பூசிய கதைதான்.

தரை முழுக்க டைல்ஸ் ஒட்டினால் அடியிலுள்ள ஈரம் சுவருக்குத்தான் திரும்பும். சுவரோரம் ஓரடி அகலம் விட்டு ஜல்லி நிரப்புங்கள். ஏசி தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் புதைக்க வேண்டாம்.

மர உத்திரங்களின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்கு உத்திர முனைகளை ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்கள். முதலில் மக்குவது அங்கேதான். ஆயிரம் லிட்டர் தண்ணீரே ஒரு டன் கனம். டேங்க்கைக் கூரைமேல் ஏற்றாமல், பின்புறம் தனி இரும்புச் சட்டத்தில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடச் சீரமைப்புப் பணியாளர்கள்,
கிருஷ்ணகிரி.