பலகையைவிட அடிச்சட்டம் முக்கியம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். பேத்தி தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்துவிட்டாள். தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு.

நாகப்பட்டினத்து வீட்டின் கொல்லைப்பக்கம் மரத்தளம் போட எந்த மரம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். மரத்துக்கு வருகிறேன். முதலில் பாசிர் ரிஸில் மகள் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் வீடு வாங்கும்போதே பின்புறம் ஒரு மரத்தளம் இருந்தது. மேலே பாலாவ் என்கிற கடின மரத்தில் செய்த பலகை, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு மூலையில் கால் வைத்தால் தொய்ந்தது. ஆசாரி இரண்டு பலகையைக் கழற்றி, அடிச்சட்டத்தில் உளியை வைத்து அழுத்தினார். தட்டவே இல்லை, உளி பாதிவரை இறங்கிவிட்டது. கழற்றிய பலகையைச் சீவிப் பார்த்தால் உள்ளே கெட்டியாக, நிறம்கூட மாறாமல் இருக்கிறது! முன்பு கட்டியவர் கண்ணில் படும் இடத்துக்கு நல்ல மரமும், அடியில் மலிவான மென்மரமும் போட்டு, அதையும் மண்ணிலேயே கிடத்தியிருக்கிறார். கறையானுக்கு வேறு என்ன வேண்டும்?

மழை நனைத்துவிட்டுப் போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நனைந்தது காயாமல் கிடந்தால்தான் பூஞ்சை பிடிக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டால் அது வளராது. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, காற்றிலும் எப்போதும் ஈரம். அப்படியும் மரம் நிற்கிறது. நீ ஊருக்குப் போன பிறகு, 2008-இல், ஹெண்டர்சன் சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் ஒரு நடைபாலம் திறந்தார்கள். அதற்கும் பாலாவ்தான். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதால் தண்ணீர் நிற்க இடமில்லை.

அதனால் இந்த முறை அடிச்சட்டத்துக்கும் நல்ல மரமே போட்டோம். தரையில் சிமெண்டுத் தளம், தண்ணீர் ஓடச் சரிவு, அதன்மேல் சிறு கட்டைகளில் சட்டம். சட்டத்துக்குச் சட்டம் 40 சென்டிமீட்டர், பலகைக்குப் பலகை 5 மில்லிமீட்டர். பலகையை அறுத்த உடனே வெட்டுமுகத்தில் மெழுகுப் பூச்சு தடவினார் ஆசாரி. தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த முனைதான், அங்கேதான் வெடிப்பும் முதலில் விழும். திருகாணிக்கு முன்கூட்டியே துளை போட்டார், இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கடினமான மரம் பிளந்துவிடும். ஒரு பகுதியைத் தூக்கித் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறோம். அடியில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிட்டால், சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தார் அபராதம் போட்டுவிடுவார்கள். டெங்கி பயமும் இருக்கிறதே.

திருகாணி விஷயத்தில் மட்டும் நீ கஞ்சத்தனம் பண்ணாதே. கடல் உனக்கு எங்களைவிடப் பக்கம். சாதாரண இரும்பு துருப்பிடித்து, மரத்தின் சாற்றோடு சேர்ந்து கறுப்புக் கறையும் விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் என்று கேட்டு வாங்கு. அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும்; 304 ரகம் அந்த அளவுக்குத் தாங்காது.

சரி, மரம். பாலாவும், அதே மாதிரி இன்னொரு கடின மரமான செங்காலும் இங்கே கிடைப்பது போல உனக்குக் கிடைக்காது. தேக்கே போதும், ஆனால் வைரம் பாய்ந்த தேக்காக இருக்கட்டும். தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டிய தேக்கில் வெளிறிய வெள்ளைப்பகுதி நிறைய இருக்கும், கறையான் அதை விட்டுவைக்காது. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மா தேக்கை விசாரித்துப் பார். ஆணித்துளை இருந்தால் என்ன, அந்த மரம் இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை எளிதில் உளுக்காது என்பது உண்மைதான். ஆனால் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாது. உன் கொல்லைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

வார்னிஷ் அடிக்கச் சொன்னால் கேட்காதே. வெயிலில் உரிந்து, உரிந்த இடத்தில் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். வெளியில் போடும் மரத்துக்கென்று விற்கும் எண்ணெய் வாங்கு, வருஷத்துக்கு ஒரு தரம் தடவினால் போதும். தடவாவிட்டாலும் மேல்பரப்பு சாம்பல் நிறமாகுமே தவிர மரத்தின் பலம் குறையாது. மகள் அந்தச் சாம்பல் நிறம்தான் அழகு என்று விட்டுவிட்டாள்.

அப்புறம், உங்கள் ஆசாரி மேல்பலகையை அடிப்பதற்கு முன் அடிச்சட்டத்தை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை மூடவேண்டாம். தை மாதம் வரும்போது அக்காவையும் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
ராமு