புக்லியேசேயின் இடது கை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அர்ஜென்டினாவின் நடன இசையான டாங்கோவில் பெயர்பெற்ற பியானோ கலைஞர், குழுத் தலைவர் ஓஸ்வால்தோ புக்லியேசே பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, அவருடைய சிறைவாசத்தையும் கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பையும் விரிவாகச் சொல்கிறது. பியானோவில் அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரே ஒரு பத்திதான். அவருடைய கொள்கைதான் அவருடைய இசையைச் சாத்தியமாக்கியது. இரண்டையும் பிரித்துச் சொன்னதால் இரண்டுமே குறைபட்டுப் போயின.

முதலில் ஒரு திருத்தம். 'ரெகுவெர்தோ' என்ற டாங்கோ உருப்படி அவருடைய தந்தை அதோல்ஃபோவின் படைப்பு என்று கட்டுரையில் இருக்கிறது. முதலில் வெளியானபோது தந்தையின் பெயர் இருந்தது உண்மை. 1905 டிசம்பரில் புவெனஸ் ஐரிஸின் வில்லா க்ரெஸ்போ பகுதியில் பிறந்த மகனுக்கு அப்போது சட்டப்படி வயது நிரம்பவில்லை; அதனால்தான் தந்தை பெயரில் வந்தது. இயற்றியவர் மகன். 1926-ல் ஹுலியோ தெ காரோவின் ஆறு பேர் குழு அதை இசைத்தட்டில் பதிந்தது. அதற்கு முன்பே மௌனப்பட அரங்குகளிலும், பாண்டோனியோன் என்ற துருத்தி வாத்தியம் வாசித்த பக்கிதா பெர்னார்தோவின் குழுவிலும் வாசித்துத் தேர்ந்த கை அது.

அடுத்தது புக்லியேசே இயற்றிய 'லா யும்பா'. 1946-ல் பதிவான இதைக் கட்டுரையாளர் 'அதிரடித் தாளம்' என்கிறார். அப்படி நினைத்து வாசிப்பவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள். நான்கு அடிகளில் ஒன்றிலும் மூன்றிலும் குழு முழுவதும் சேர்ந்து விழும். ஆனால் நேராக அடியின் மேல் விழாது. சுமார் அரை அடி முன்னதாகவே இழுவை தொடங்கிவிடும். வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பாஸை வாசிப்பவர் வில்லைத் தந்தியில் அழுத்தி இழுத்துக் கீழிருந்து சறுக்கி ஏறி, அடியில் வந்து சட்டென்று நிற்பார். பாண்டோனியோன்காரர்கள் துருத்தியை விரிக்கும் போக்கில் வைத்துக்கொண்டு முழங்கால் அசைவால் அழுத்தம் கொடுப்பார்கள். பியானோவின் இடது கை மூன்று நான்கு மந்தர சுரங்களை வேகமாக உருட்டி அதே இடத்தில் வந்து சேரும். இரண்டாம், நான்காம் அடிகளில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அங்கே பியானோவின் இடது கோடியில், சுருதியைவிட அதிர்வே மிகுதியாகக் கேட்கும் ஆழத்தில், குறுகலாக ஓர் ஒலி.

பிழை நேர்வது பெரும்பாலும் மூன்று இடங்களில். நான்கு அடிகளையும் ஒரே பலத்தில் தட்டினால் ராணுவ அணிவகுப்பாகிவிடும். ஒன்றும் மூன்றும் கனக்க வேண்டுமானால் இரண்டும் நான்கும் அடங்கியிருக்க வேண்டும். ஒலியை நீடிக்க வைக்கும் வலப்பக்க பெடலை மிதித்தபடியே போனால் அடியாழச் சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கி, இழுவையின் முனை மழுங்கிவிடும். அடி விழுந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். இழுவையைத் தாமதமாகத் தொடங்குபவர்கள் அதை ஈடுகட்ட அவசரப்படுவார்கள், நாலைந்து சுற்றுக்குள் காலப்பிரமாணம் ஓடத் தொடங்கும். கடைசிப் பிழைதான் மிகவும் பரவலானது.

இத்தனையும் தாளம் நிலையாக நடக்கும் பகுதிக்கு மட்டும். புக்லியேசே குழுவின் கடினமான பகுதி வேறு: அந்தத் தாளமே திடீரென்று கரைந்து, முழுக் குழுவும் ஒரு வரியை நீட்டும், தயங்கும், மறுபடி ஓடும். கைகாட்டி நடத்துநர் யாரும் கிடையாது. பியானோ, பாஸ், பாண்டோனியோன் வரிசை, வயலின் வரிசை எல்லாம் ஒரே மூச்சில் தயங்க வேண்டும். இது சுரத்தாளில் எழுதி வராது. அதே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்தால்தான் வரும்.

அரசியல் இசைக்குள் வருவது இங்கேதான். 1939 ஆகஸ்ட் 11 அன்று கொரியந்தெஸ் சாலையின் கஃபே நசியோனாலில் அரங்கேறிய அந்தக் குழு ஒரு கூட்டுறவு. தலைவர் பணத்தை வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு இல்லை; வரவு புள்ளிக்கணக்கில் பங்கிடப்பட்டது. உறுப்பினர்கள் இயற்றிய உருப்படிகளும் மேடைக்கு வந்தன. 'பதெத்திகோ' பாண்டோனியோன் கலைஞர் ஹோர்ஹே கல்தாராவுடையது. 'லா போர்தோனா' வயலின் கலைஞர் எமிலியோ பல்கார்செயுடையது. பங்கும் மரியாதையும் இருந்ததால் ஆட்கள் நிலைத்தார்கள். பாண்டோனியோன் முதல்வர் ஓஸ்வால்தோ ருஜியேரோ ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் அங்கேயே இருந்தார். புக்லியேசே சிறையில் இருந்த நாட்களில் குழு பியானோவின் மேல் சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு வாசித்ததைக் கட்டுரையாளர் உருக்கமாக எழுதியிருக்கிறார். அது விசுவாசம் மட்டுமல்ல. முதலாளி இல்லாத குழுவால்தான் அப்படித் தொடர முடியும்.

1968-ல் ருஜியேரோ, பல்கார்செ உள்பட ஆறு பேர் பிரிந்து 'செக்ஸ்தெத்தோ டாங்கோ'வைத் தொடங்கினார்கள். கட்டுரை இதைத் தொட்டதோடு சரி. என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் பெரிய சாதனை அதற்குப் பிறகுதான் இருக்கிறது: அறுபது கடந்த வயதில் ரோதோல்ஃபோ மெதெரோஸ், தானியேல் பினெல்லி, ஹுவான் ஹோசே மோசலினி போன்ற இளைஞர்களைச் சேர்த்து அந்தக் கூட்டு மூச்சை மறுபடி உருவாக்கினார். 1985 டிசம்பர் 26 அன்று புவெனஸ் ஐரிஸின் பெரிய ஆபரா அரங்கான கொலோனில் பியானோவின் முன் அமர்ந்தபோது அவருக்கு வயது 80. பத்தாண்டு கழித்து, 1995 ஜூலையில் காலமானார்.

அடுத்த இதழில் 'ரெகுவெர்தோ' பற்றிய திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால் கேட்க வேண்டிய வரிசையையும் சேருங்கள்: தெ காரோவின் 1926 'ரெகுவெர்தோ', புக்லியேசே தானே 1944-ல் பதிந்த 'ரெகுவெர்தோ', பிறகு 1946 'லா யும்பா'. ஹெட்போனில் கேட்பது நல்லது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பியானோவின் அடியாழச் சுரங்கள் வரவே வராது; பாதித் தாளம் காணாமல் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்