18 சென்ட் ஹாம்பர்கரை 85-ஆல் பெருக்கினால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் '1968-இல் அமெரிக்கா' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். பெட்ரோல் காலன் 34 சென்ட், முட்டை டஜன் 53 சென்ட், தபால்தலை 6 சென்ட், ஹாம்பர்கர் 18 சென்ட் என்று அடுக்கி, ஒவ்வொன்றையும் 85-ஆல் பெருக்கி ரூபாயாக்கி, 'ஹாம்பர்கர் வெறும் 15 ரூபாய்!' என்று ஆச்சரியக்குறியும் போட்டு, கடைசியில் 'கவலையில்லாத பொற்காலம்' என்று முடித்திருந்தார் எழுதியவர். விலைகளில் தப்பு சொல்ல மாட்டேன். அந்த வருடம் நான் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் என்ற ஊரில் எம்.எஸ். படித்துக்கொண்டு, மாலையில் ஒரு விடுதிச் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். சென்ட் சென்டாக எண்ணிச் செலவழித்தவனுக்கு இதெல்லாம் மறக்காது. எனக்கு உறுத்தியது அந்த 15 ரூபாயும் அந்தப் பொற்காலமும்தான்.

முதலில் ரூபாய். 1968-இல் டாலர் ஏழரை ரூபாய். அதுவும் 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு. அதற்கு முன்பு 4 ரூபாய் 76 காசுதான். ஒரே அறிவிப்பில் என் படிப்புச் செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் போட்ட கணக்கு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. சரி, ஏழரையால் பெருக்குங்கள். 18 சென்ட் என்றால் ஒரு ரூபாய் 35 காசு. அதே நாட்களில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற கோஷம் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு படி அரிசிக்கு மேல் விலை கொடுத்து நாலு வாயில் தீர்ந்துபோகிற ரொட்டி, அவ்வளவுதான். நான் சைவம் வேறு. ஒரு கடையில் 'இறைச்சி வேண்டாம்' என்று மூன்று தடவை சொன்ன பிறகு, பன்னுக்குள் வெங்காயமும் ஊறுகாய்த் துண்டும் கெட்சப்பும் வைத்துக் கொடுத்துவிட்டு, முழு 18 சென்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் ரூபாய்க் கணக்கும் பாதி உண்மைதான், ஏனென்றால் அங்கே இருப்பவன் சம்பாதிப்பது டாலரில். ஒரு விலை மலிவா கிராக்கியா என்று தெரிய வேண்டுமானால் அதற்கு எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்றுதான் பார்க்க வேண்டும். தட்டு கழுவும்போது நான் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். 1968 பிப்ரவரியில் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர் ஆனது. (எல்லாருக்கும் இல்லை. பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு அந்த வருடம் 1.15 டாலர்தான். எனக்கு ஒன்றேகால் கிடைத்தது.) 1.60 என்றே வைத்துக்கொண்டால் ஹாம்பர்கர் ஏழு நிமிட வேலை, ஒரு காலன் பெட்ரோல் பதின்மூன்று நிமிடம், ஒரு டஜன் முட்டை இருபது நிமிடம். இன்று அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், 2009-க்குப் பிறகு அது நகரவே இல்லை. பல மாநிலங்கள் தாங்களாகவே கூட்டிக் கொடுக்கின்றன, விஸ்கான்சின் அதில் சேர்த்தி இல்லை. காலன் மூன்று டாலர் என்று வைத்தாலும் அங்கே அந்தக் கூலிக்காரனுக்கு அது 25 நிமிட வேலை. அன்றைய 1.60 டாலரை விலைவாசி ஏற்றத்தோடு பார்த்தால் இன்றைக்குப் பதினான்கு டாலருக்கு மேல் வரும். ஆக, பெட்ரோல் விஷயத்தில் உங்கள் கட்டுரையாளர் சொன்னது சரிதான், சொன்ன காரணம்தான் தப்பு.

வீடும் அப்படியே. 1968-இல் புது வீட்டின் நடுத்தர விலை 24,700 டாலர், குடும்ப வருமானத்தின் நடுப்புள்ளி 8,600 டாலர் சொச்சம். மூன்று வருடச் சம்பளத்துக்குள் ஒரு வீடு. இன்று புது வீடு 4 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது, ஏறக்குறைய நாலு வருடச் சம்பளம். பொற்காலம் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லியிருக்கலாம், பெட்டியில் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதையே டி.வி.க்குப் போட்டுப் பாருங்கள், கணக்கு தலைகீழாகிவிடும். 500 டாலருக்கு ஒரு பெரிய கலர் டி.வி. என்றால் 1.60 கூலிக்காரன் எட்டு வாரம் உழைத்து, அதில் ஒரு சென்ட் சாப்பிடாமல் சேர்க்க வேண்டும். இன்று அதைவிடப் பெரிதும் தெளிவுமான டி.வி. 300 டாலருக்குக் கிடைக்கிறது, 7.25-க்கு உழைப்பவனுக்கும் ஒரு வாரம்தான். ஊருக்கு போன் பேசுவது என்பது எங்கள் கற்பனையிலேயே கிடையாது. தாளையே மடித்து ஒட்டி வான்தபாலில் அனுப்புகிற 13 சென்ட் ஏரோகிராம்தான். அதில் ஓரம் வரை பொடி எழுத்தில் எழுதி, ஒட்டுகிற மடிப்பிலும் ஒரு வரி எழுதுவேன்.

அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு விலைகள் மலிவாகத் தெரிந்தன என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1966 அக்டோபரில் டென்வர் நகரத்துக் குடும்பத் தலைவிகள் விலை ஏறிவிட்டது என்று சூப்பர் மார்க்கெட் வாசலில் மறியல் செய்தார்கள், அது ஊர் ஊராகப் பரவியது. அவர்கள் கோபத்தில் ஒரு பங்கு, பெட்டியில் நீங்கள் 'இலவசம்' என்று போட்டிருக்கும் அந்தப் பச்சை ஸ்டாம்புகள் மேல். பத்து சென்டுக்குச் சாமான் வாங்கினால் ஒரு ஸ்டாம்ப் தருவார்கள், அதை நக்கி நக்கி 1,200 ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும், புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேஜை விளக்கோ போர்வையோ கிடைக்கும். அந்த விளக்கின் விலையும் முட்டை விலைக்குள்தான் இருக்கிறது என்று அந்தப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1968-இல் விலைவாசி 4 சதவீதத்துக்கு மேல் ஏறியது, அடுத்த வருடம் ஐந்தரை. வியட்நாம் செலவுக்கும் விலையேற்றத்துக்கும் சேர்த்து வருமான வரி மேல் பத்து சதவீதம் கூடுதல் வரி வேறு போட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற கிழவர்கள் எல்லாம் 'எங்கள் காலத்தில் என்ன விலை தெரியுமா' என்றுதான் ஆரம்பிப்பார்கள். இப்போது நான் ஆரம்பிக்கிற மாதிரியே.

வாடகை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் வாடகைக்கு அறை இருந்தது, வாஸ்தவம். போனில் கேட்டால் 'காலியாக இருக்கிறது, வந்து பாருங்கள்' என்பார்கள், பனியில் முக்கால் மணி நேரம் நடந்து போய்க் கதவைத் தட்டினால் என் முகத்தைப் பார்த்துவிட்டு 'இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்' என்பார்கள். ஒரே வாரத்தில் மூன்று வீடு இப்படி. நாலாவதாக ஒரு நார்வேக்காரப் பாட்டி கொடுத்தார். ஒரே நிபந்தனை, சமையல் வாசம் மாடிக்கு வரக்கூடாது. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்ற மத்தியச் சட்டம் 1968 ஏப்ரல் 11-இல்தான் கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸில் சுடப்பட்டது ஏப்ரல் 4. அந்த ஒரு வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் பற்றி எரிந்தன. இது உங்கள் கவலையில்லாத வருடத்தில்தான்.

சாப்பாட்டைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், ஆனாலும் கொஞ்சம். விஸ்கான்சின் பால் மாநிலம். வெண்ணெய் வியாபாரம் கெட்டுவிடும் என்று வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெயில் செய்கிற மார்ஜரினை மஞ்சள் நிறத்தில் விற்பதையே அங்கே சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தார்கள், நான் போய் இறங்கிய 1967-இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். அதுவரை ஜனங்கள் பக்கத்து இல்லினாய்க்குக் கார் ஓட்டிப்போய் டிக்கி நிறைய மார்ஜரின் வாங்கி வந்த கதையைக் கள்ளச்சாராயக் கதை மாதிரி சொல்வார்கள். எனக்கென்ன, வெண்ணெய் வாங்கி உருக்கி நெய்யாக்கினேன், பாட்டி மாடியிலிருந்து ஓடிவந்தார், வாசம் பிடித்திருக்கிறது, எதுவும் சொல்லாமல் ஒரு துண்டு ரொட்டியோடு நின்றார். தயிர் கிடையாது, கடையில் பழம் போட்ட இனிப்பு யோகர்ட்தான். அட்டைப் பெட்டி மோரை வாங்கி உறை ஊற்றிப் பார்த்தோம், தோய்ந்தது. துவரம்பருப்புக்குப் பதில் காய்ந்த மஞ்சள் பட்டாணிப் பருப்பு. சாம்பார் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

பொழுதுபோக்குக்கு மூன்று சேனல். விடுதிக் கூடத்தில் ஒரே டி.வி., அதற்கு முன்னால் முப்பது பேர். ஞாயிறு என்றால் எட் சல்லிவன் நடத்துகிற கலைநிகழ்ச்சி. 1968 நவம்பர் 17 மட்டும் மறக்காது. நியூயார்க் ஜெட்ஸுக்கும் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கும் அமெரிக்க ஃபுட்பால் மேட்ச், ஜெட்ஸ் 32, ஓக்லண்ட் 29, இன்னும் ஒரு நிமிடம் சொச்சம் பாக்கி, மணி அடித்ததும் என்.பி.சி. டி.வி. நிறுவனம் மேட்சை வெட்டிவிட்டுக் குழந்தைகள் படம் ஒன்றைப் போட்டுவிட்டது. அந்தக் கடைசி நிமிடத்தில் ஓக்லண்ட் இரண்டு டச் டவுன் போட்டு ஜெயித்துவிட்டது. போன் மேல் போன் வந்து என்.பி.சி.யின் எக்ஸ்சேஞ்சே தாங்கவில்லை என்று மறுநாள் பேப்பரில் வந்தது. எனக்கு அந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் புரியாது, ஆனால் அவ்வளவு பெரிய பையன்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அதே டி.வி.யில்தான் வியாழக்கிழமைதோறும் வியட்நாமில் அந்த வாரம் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற எண் வரும். 1968-இல் மட்டும் அமெரிக்கச் சிப்பாய்கள் 16,000 பேருக்கு மேல். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி, நம் தரப்பு இவ்வளவு, எதிரி இவ்வளவு என்று அறிவிப்பாளர் வாசிப்பார், கூடத்தில் யாரும் பேச மாட்டார்கள். நான் போய் ஒன்றரை மாதத்தில், 1967 அக்டோபரில், வியட்நாமில் போட்ட நேபாம் என்ற தீக்குண்டைத் தயாரித்த டௌ கெமிக்கல் கம்பெனி எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது மாணவர்கள் வழியை மறித்து உட்கார்ந்தார்கள். போலீஸ் உள்ளே புகுந்து அடித்தது, பிறகு கண்ணீர்ப்புகை. தலையில் ரத்தத்தோடு ஓடிவந்த பையன்களைப் பார்த்தபோது, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 1965-இல் எங்கள் கல்லூரியில் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது.

எங்களுக்கு மாணவர் விசா, ராணுவம் கூப்பிடாது. ஆனால் கிரீன் கார்டு வாங்கிவிட்டால் அந்த வயதுப் பையன் டிராஃப்டுக்கு, அதாவது கட்டாய ராணுவ சேவைக்கு, பெயர் கொடுத்தாக வேண்டும். 1965-இன் புதுக் குடியேற்றச் சட்டத்தால் கதவு திறந்ததும் எல்லாரும் விழுந்தடித்து ஓடினோம் என்றுதான் எழுதுகிறார்கள். என் அறைத் தோழர், ஆந்திரக்காரர், விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி ஒரு வருடம் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார்.

1968 செப்டம்பரில் அண்ணா நியூயார்க்கில் அறுவை சிகிச்சைக்கு வந்தார். ஏப்ரலில்தான் ஏல் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். மேடிசனில் நாங்கள் தமிழர்கள் ஏழு பேர். அமெரிக்கப் பேப்பரில் அவரைப் பற்றி ஒரு மூலையிலாவது வந்திருக்கிறதா என்று நூலகத்தில் தேடுவோம். அடுத்த மாதம், எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இருந்த இந்திய வம்சாவளி விஞ்ஞானி ஹர் கோவிந்த் குரானாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்கு மட்டும் ரொட்டிக்கடைக்காரர்கூட என்னைப் பார்த்துக் கைகுலுக்கினார். நானும் 'நன்றி' சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு 1969 பட்டியல் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். வுட்ஸ்டாக் இசை விழா டிக்கெட் மூன்று நாளுக்கும் சேர்த்து முன்பதிவில் 18 டாலர் என்று நிச்சயம் போடுவீர்கள். தயவுசெய்து அதை 85-ஆல் பெருக்க வேண்டாம். பெருக்கியே தீருவேன் என்றால், வேலி போட்டு முடிக்காததால் பெரும்பாலோர் காசே கொடுக்காமல் உள்ளே போய்விட்டார்கள் என்பதையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
கும்பகோணம்