பாதிச் சிப் உன்னிடம் இருந்தபோது

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மறுபடியும் பேப்பரை வரி விடாமல் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சின்னவள் காலேஜில் சேர்ந்தாயிற்று.

சரி, உன் போக்கர் கதைக்கு வருகிறேன். பத்துப் பேர், தலைக்கு 100 டாலர், பரிசு 500, 300, 200. மூன்று பேர் மிஞ்சியபோது மேஜையில் இருந்த சிப்பில் (பந்தய வில்லையில்) பாதி உன்னிடம், மற்ற இருவரிடம் 30, 20 சதவீதம். அப்படியிருந்தும் மூன்றாமிடம் வந்ததற்கு அதிர்ஷ்டத்தைத் திட்டியிருக்கிறாய். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பாதிச் சிப் இருந்ததால் பரிசுத் தொகையில் பாதி உன்னுடையது என்று நினைத்திருப்பாய். ஐசிஎம், அதாவது கையிலிருக்கும் சிப்பை வைத்து யாருக்கு எந்த இடம் கிடைக்கும் என்று பார்த்துப் பணமாக மதிப்பிடும் கணக்கு. அதன்படி அந்த நேரத்தில் உன் சிப்பின் மதிப்பு 384 டாலர்தான். நடுவில் இருந்தவனுக்கு 327, கடைசி ஆளுக்கு 289. முதல் பரிசே 500தானே, அதற்கு மேல் எவ்வளவு சிப் குவித்தாலும் பணமாகாது. நடு ஆள் ஆல்-இன் போனான், அதாவது தன் சிப் முழுவதையும் பந்தயம் வைத்தான். தோற்றாலும் கையில் மிச்சம் இருக்கும் என்று நீ கால் செய்தாய், அதாவது பந்தயத்தை ஏற்றுக்கொண்டாய். ஜெயித்திருந்தால் உனக்கு 76 டாலர் கூடியிருக்கும். தோற்றதில் 89 போயிற்று. பிளைண்டை (சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயத்தை) விட்டுவிட்டுப் பார்த்தால், 54 சதவீதமாவது ஜெயிக்கிற சீட்டு உன்னிடம் இருந்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், உங்களில் யார் ஜெயித்தாலும் சும்மா உட்கார்ந்திருந்த மூன்றாமவனுக்கு லாபம்.

இதையே திருப்பிப் போட்டுப் பார். நீ முதலில் ஆல்-இன் போயிருந்தால், கால் செய்ய நடு ஆளுக்கு 61 சதவீதம் தேவை. தனக்கு முன்னால் கடைசி ஆள் வெளியேறட்டும் என்று காத்திருப்பவன் அவன், சுமாரான சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கத்தான் பார்ப்பான். பெரிய குவியலின் பலமே அந்தப் பயம்தான். நடு ஆளை ஓயாமல் நெருக்கு, அவன் திருப்பி அடித்தால் மட்டும் நல்ல சீட்டில்லாமல் கால் செய்யாதே. கடைசி ஆளை அவசரப்பட்டு வெளியே அனுப்பவும் வேண்டாம். அவன் இருக்கும்வரைதான் நடு ஆளுக்குப் பயம்.

பெரிய குவியலின் பலத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட்டில், 2015ல் 6,420 பேர் ஆடினார்கள். கடைசி ஒன்பது பேரில் ஜோ மெக்கீஹனிடம் மொத்தச் சிப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது ஆளிடம் அதில் பாதிகூட இல்லை. ஒரே ஆட்டத்தில் அவரை வெளியேற்ற யாராலும் முடியாது, மற்றவர்களுக்கோ ஒவ்வொரு ஆல்-இன்னும் உயிர்ப் பிரச்சினை. முதலிடத்தை விடாமலே ஜெயித்து 76 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார்.

அதே போட்டியில் 2009ல் மேரிலாந்து மரவெட்டி டார்வின் மூனிடமும் மொத்தச் சிப்பில் ஏறக்குறைய அதே பங்கு இருந்தது. ஜெயித்ததோ 21 வயது ஜோ காடா. ஒரு கட்டத்தில் காடாவிடம் கிட்டத்தட்ட சிப்பே இல்லாத நிலை, அப்புறம் அவருடைய 3-3 ஜோடி எதிராளியின் ஜாக்கி ஜோடியை வென்றது, 2-2 ஜோடி ராணி ஜோடியை வென்றது. அதை எந்தக் கணக்காலும் தடுக்க முடியாது. ஆகவே உன் அதிர்ஷ்டப் புலம்பலை முழுசாகத் தள்ளிவிடவும் மாட்டேன்.

இங்கே பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதை 2025ல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. எனக்கு நஷ்டமில்லை, நானும் மச்சானும் புளியங்கொட்டை வைத்துத்தான் ஆடுகிறோம். பொங்கலுக்கு நீ வந்தால் மூன்றாவது ஆள் கிடைப்பான்.

அதுசரி, எல்லாம் எழுதினாய், அந்தக் கால் செய்தபோது கையில் என்ன சீட்டு வைத்திருந்தாய் என்று மட்டும் எழுதவே இல்லையே?

அன்புடன்,
சேகர்